தோட்டம் பார்க்கப் போவோம்



ஒருநாள் பயணம் என்றதும் நம்மிலே பலருக்கு லாரிதான் நினைவுக்கு வரும். முதல்நாள் இரவே புளிச்சோறு கிளறிக் கட்டி வைத்து, விடியற்காலையில் பிள்ளைகளைத் தட்டி எழுப்பி, லாரியில் பாய் விரித்துப் புறப்படுவோம். தைப்பூசமென்றால் பத்துமலை, பள்ளி விடுமுறையென்றால் போர்ட்டிக்சன் கடற்கரை. இரவு வீடு திரும்பி, மறுநாள் வழக்கம்போல் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். என் இளமையில் நானும் அப்படி லாரியேறிப் போனவன்தான்.

இன்று உங்களை அத்தகைய ஒரு பயணத்துக்கு அழைக்கிறேன். லாரி வேண்டாம்; கட்டுச்சோறும் வேண்டாம். மனத்தாலே செல்லும் பயணம் இது. நாம் பார்க்கப்போவது இங்கிலாந்து நாட்டிலுள்ள ஒரு தோட்டம்.

"பிறந்தது முதல் தோட்டத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னுமொரு தோட்டமா?" என்று பாட்டி யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தமிழிலே 'தோட்டம்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்குகிறோம். வீட்டுக்குப் பின்னால் நான்கு கத்தரிச் செடியும் இரண்டு முருங்கையும் நின்றால் அதுவும் தோட்டம். ஆயிரம் ஏக்கரில் பால்மரமோ செம்பனையோ நின்றால் அதுவும் தோட்டம். ஆங்கிலத்திலே முன்னது 'கார்டன்', பின்னது 'எஸ்டேட்'. அந்த எஸ்டேட் என்ற சொல் இந்த நாட்டுக்கு வருமுன்பே இங்கிலாந்தில் வழங்கிய சொல். ஒரு பிரபுவின் மாளிகை, அதைச் சுற்றிய பூங்கா, வயல், காடு, ஆறு, குடியானவர்களின் சிற்றூர்கள் எல்லாம் சேர்ந்த நிலவுடைமைக்கு அங்கே எஸ்டேட் என்று பெயர். மேட்டிலே துரையின் பங்களாவும் புல்வெளியும், பள்ளத்திலே தொழிலாளர் லயமும் இருக்கக் கண்டவர்களுக்கு, இன்று நாம் போகும் இடத்தில் ஏதோ ஒரு பழைய சாடை தென்படும்.

நாம் புறப்படும் காலம் இளவேனில். மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களை ஆங்கிலேயர் 'ஸ்பிரிங்' என்பர். நம் நாட்டில் வெயிலும் மழையும் உண்டே தவிர நான்கு பருவங்கள் இல்லை. ஆயினும் இளவேனிலைப் புரிந்துகொள்ள நமக்கு ஓர் ஆசான் இருக்கிறது. பால்மரந்தான் அந்த ஆசான். ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலையுதிர்த்து மொட்டையாக நிற்பதை நீங்கள் அறிவீர்கள். நடந்தால் காலடியில் சருகு சலசலக்கும். பிறகு செம்புநிறத்தில் கொழுந்து விடும். அது முற்றும்வரை பால் குறையும். மரம் தன் சத்தை இலைக்குக் கொடுத்துவிடுவதே காரணம். பால் குறைந்தால் சம்பளமும் குறையும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பால்மரம் வறட்சி கண்டு செய்வதை, அங்கே பெரும்பாலான மரங்கள் குளிர் கண்டு செய்கின்றன. டிசம்பர் மாதத்தில் அங்கு பகற்பொழுது எட்டு மணி நேரங்கூட இருப்பதில்லை. மரங்கள் எலும்புக்கூடுபோல் நிற்கும். மார்ச்சுக்குள் பகல் நன்கு நீண்டிருக்கும். கொழுந்து எட்டிப் பார்க்கும்.

ஆனால் மரம் தழைப்பதற்கு முன்பே தரையிலே பூக்கள் மலர்ந்துவிடும். மஞ்சள் நிற டஃபோடில் முதலில் வரும். அதன் அடியில் வெங்காயம் போன்றதொரு கிழங்கு இருக்கிறது. சென்ற ஆண்டு வெயிலில் சேமித்த உணவை அதில் வைத்துக்கொண்டு, பனிக்காலம் முழுவதும் மண்ணுக்குள் உறங்கும். குளிர்பட்டு எழுந்தால்தான் அது நன்றாகப் பூக்கும். ஏப்ரல் இறுதியில் காட்டுத்தரை முழுவதும் நீலமணிப் பூக்கள் விரியும். ஏன் இந்த அவசரம்? மேலே மரங்கள் இலைவிட்டு மூடிக்கொண்டால் தரைக்கு வெயில் கிடைக்காது. அதற்குள் பூத்து, விதைத்து, அடுத்த ஆண்டுக்குச் சேமித்துவிட வேண்டும். பால்மரக் கன்றுகளுக்கு இடையே மூடுபயிர் செழித்து வளர்வதையும், மரங்கள் உயர்ந்து நிழல் விழுந்ததும் அது மெலிந்துபோவதையும் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

இனி இடத்துக்கு வருவோம். அதன் பெயர் சாட்ஸ்வொர்த். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பிஷயர் என்னும் மாவட்டத்தில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1549ஆம் ஆண்டில் சர் வில்லியம் கேவன்டிஷ் என்பவரும் அவருடைய மனைவி பெஸ் என்னும் அம்மையாரும் 600 பவுனுக்கு இந்நிலத்தை வாங்கினார்கள். 1552இல் மாளிகை கட்டத் தொடங்கினார்கள். அவர்கள் வழிவந்தோர் 1694இல் 'டியூக்' என்னும் கோமகன் பட்டம் பெற்றார்கள். டெவன்ஷயர் கோமகன் என்பது அப்பட்டத்தின் பெயர். பொன்னிறக் கல்லில் எழுந்த பெருமாளிகை. முன்னே ஆறும் ஆடு மேயும் புல்வெளியும். பின்னே காடடர்ந்த குன்று. மாளிகைக்குள் ஓவியங்களும் சிலைகளும் ஏராளம். அவற்றை விட்டுவிட்டு நாம் நேரே தோட்டத்துக்குள் நுழைவோம்.

இந்தத் தோட்டத்தைப் புகழ்பெறச் செய்தவர் கோமகன் அல்லர், ஒரு தோட்டக்காரர். ஜோசப் பாக்ஸ்டன் என்பது அவர் பெயர். 1803இல் ஏழைக் குடியானவக் குடும்பத்தில் ஏழாவது மகனாகப் பிறந்தவர். இலண்டனுக்கு அருகே, தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வேலை பார்த்து வந்தார். அந்த நிலம் ஆறாவது கோமகன் குத்தகைக்கு விட்டிருந்த நிலம். அங்கே உலவ வந்த கோமகன், இந்த இளைஞரின் பேச்சிலும் அறிவிலும் மனம் பறிகொடுத்து, சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரராக வரும்படி அழைத்தார். அப்போது பாக்ஸ்டனுக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை.

1826ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள். நல்ல இளவேனிற்காலை. இரவெல்லாம் குதிரைவண்டியில் வந்து, மீதி வழியை நடந்து கடந்து, விடியற்காலை நாலரை மணிக்குப் பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தார். வாயிற்கதவு பூட்டியிருந்தது. ஏறிக் குதித்து உள்ளே போனார். தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு ஆட்களைக் கூட்டி வேலைக்கு அனுப்பினார். நம் வழக்கில் சொன்னால், பெரட்டு எடுத்துவிட்டார். பிறகு நீரூற்றுகளைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார். அதன்பின் மாளிகையின் பொறுப்பாளராக இருந்த அம்மையாருடன் காலையுணவு அருந்தினார். அங்கே அந்த அம்மையாரின் உறவுப்பெண் சாரா பவுனைக் கண்டார். இருவர் மனமும் ஒன்றுபட்டன. இத்தனையும் காலை ஒன்பது மணிக்குள்! இதைப் பாக்ஸ்டனே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். மறு ஆண்டு அவர்கள் திருமணம் நடந்தது.

மாணவர்களே, இந்தக் கதையில் ஒன்றைக் கவனித்தீர்களா? பாக்ஸ்டன் பெயர் இருக்கிறது. சாராவின் பெயர் இருக்கிறது. ஆறு மணிக்கு வேலைக்குப் போனார்களே, அந்த ஆட்களின் பெயர் கதையில் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே நடங்கள்.

முதலில் குன்றின் சரிவிலே கல்லால் அமைந்த நீண்ட படிகளைப் பார்க்கிறோம். நீர் வழிந்து இறங்குவதற்காகவே கட்டிய படிகள் இவை. 1696இல் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஒருவர் அமைத்தது, பின்னர் பெரிதாக்கப்பட்டது. இருபத்து நான்கு தொகுதிகள்; ஒவ்வொன்றின் அமைப்பும் சற்றே வேறு. ஆகவே ஒவ்வொன்றிலும் நீர் விழும் ஓசையும் வேறு.

அடுத்து, நீண்ட குளத்தின் நடுவிலே 'பேரரசர் நீரூற்று'. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் 1844இல் வருவார் என்று எதிர்பார்த்து, அவர் நாட்டு நீரூற்றையும் மிஞ்ச வேண்டுமென்று கோமகன் விரும்பினார். பாக்ஸ்டன் வேலையில் இறங்கினார். குன்றின் உச்சியில் எட்டு ஏக்கரில் ஓர் ஏரி வெட்டப்பட்டது. அங்கிருந்து குழாய் வழியே நீரைக் கீழே கொண்டுவந்தார்கள். இந்த நீரூற்றுக்கு இயந்திரம் எதுவும் கிடையாது. மேட்டிலுள்ள நீர் குழாயில் அடைபட்டுக் கீழே இறங்கும்போது அதன் எடையே அழுத்தமாகிறது. சிறிய வாய் வழியாக வெளியேறும்போது வானோக்கிப் பாய்கிறது. மேட்டுத் தொட்டியிலிருந்து நம் குழாய்க்குத் தண்ணீர் வருவதும் இதே விதிப்படிதான். 296 அடி உயரம்வரை அந்நீர் எழும்பியதாகப் பதிவாகியிருக்கிறது. வளர்ந்த பால்மரங்கள் நான்கை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில், 1893 முதல் 1936 வரை, இதே குன்றின் நீரைக்கொண்டு சுழலி ஓட்டி மாளிகைக்கு மின்விளக்கும் ஏற்றினார்கள்.

ஆறே மாதத்தில் முடிந்த வேலை இது. இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் மண் வெட்டினார்கள். கடைசியில் அந்தப் பேரரசர் வரவேயில்லை! ஆனாலும் நீரூற்றுக்கு அவர் பெயர்தான் நிலைத்தது. வராதவர் பெயர் நிற்கிறது. இரவெல்லாம் வெட்டியவர் பெயர் நிற்கவில்லை.

இனி மதில் சூழ்ந்த ஒரு திறந்தவெளிக்கு வருகிறோம். உள்ளே, 1962இல் நட்ட செடிகளால் அமைந்த சுற்றுவழிப் புதிர் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வழி தேடி ஓடி விளையாடுவார்கள். ஒரு காலத்தில் இங்கே நின்றது வேறொன்று: பெருங்கண்ணாடி வீடு. 1836இல் தொடங்கி ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் பாக்ஸ்டன் கட்டி முடித்தது. 277 அடி நீளம், 123 அடி அகலம், 67 அடி உயரம். நடுவே குதிரைவண்டி ஓடும் பாதை. வெளியே பனி கொட்டும்போது உள்ளே நம் நாட்டு வெப்பம். பனைகளும் வாழைகளும் தழைத்து நிற்கும்.

கண்ணாடி வீடு எப்படி வெப்பம் தருகிறது? வெயிலைக் கண்ணாடி உள்ளே விடுகிறது. சூடான காற்றை வெளியே விடுவதில்லை. வெயிலிலே கதவடைத்து நிறுத்திய காருக்குள் ஏறினால் எப்படிக் கொதிக்கிறது! அதே காரணம். ஆனால் வெயிலே இல்லாத பனிக்காலத்தில் இது போதாது. ஆகவே தரைக்கடியில் எட்டுக் கொதிகலன்கள் எரிந்தன. ஏழு மைல் நீளமான குழாய்களில் வெந்நீர் ஓடியது. அதற்கு வேண்டிய நிலக்கரியை நிலத்தடிச் சுரங்கப்பாதையில் தண்டவாளமிட்டு வண்டியில் தள்ளி வந்தார்கள். புகையும் கரியும் கரியள்ளும் மனிதரும் விருந்தாளிகளின் கண்ணில் படலாகாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. 1843இல் விக்டோரியா மகாராணியார் வந்தபோது அந்த வீட்டில் 12,000 விளக்குகள் ஏற்றினார்களாம். மறுநாள் அதிகாலையில் வெலிங்டன் என்னும் புகழ்பெற்ற படைத்தலைவர் எழுந்துவந்து பார்த்தபோது, முந்தைய இரவுக் கொண்டாட்டத்தின் சுவடே இல்லாமல் எல்லாம் துப்புரவாக இருந்ததாம். பாக்ஸ்டனைப்போல் ஒரு தளபதி தமக்குக் கிடைத்திருக்கலாகாதா என்று அவர் வியந்ததாகச் சொல்வார்கள். புகழ் பாக்ஸ்டனுக்குப் போனது. இரவெல்லாம் பெருக்கிய கைகள் யாருடையவை என்று நாம்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கண்ணாடி வீடுகளுக்குச் செடி தேடி உலகெங்கும் ஆள் அனுப்பினார்கள். 1835இல் ஜான் கிப்சன் என்னும் இளந்தோட்டக்காரர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1837இல் அரிய செடிகளோடு திரும்பினார். ராபர்ட் வாலஸ், பீட்டர் பாங்க்ஸ் என்ற வேறு இருவர் வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1838இல் கொலம்பியா ஆற்றின் வெள்ளச்சுழலில் படகு கவிழ்ந்து இருவரும் மாண்டுபோனார்கள். ஒரு பூச்செடிக்குப் பின்னால் இப்படியும் ஒரு விலை இருந்திருக்கிறது.

சாட்ஸ்வொர்த்தின் கண்ணாடி வீட்டிலிருந்து உலகெங்கும் பரவிய பொருள் ஒன்று உண்டு. உங்களில் பலர் அதைத் தின்றிருப்பீர்கள். வாழைப்பழந்தான் அது! சீன தேசத்துக் குட்டைவாழை ஒன்று மொரீஷியஸ் தீவின் வழியாக இங்கிலாந்து சென்றது. பாக்ஸ்டன் அதை வாங்கி வளர்த்தார். 1835 நவம்பரில் அது குலை தள்ளியது. மறு ஆண்டு கண்காட்சியில் பதக்கமும் பெற்றது. கோமகனின் குடும்பப் பெயரால் அதற்குக் 'கேவன்டிஷ்' வாழை என்று பெயரிட்டார்கள். பாதிரிமார் சிலர் அதன் கன்றுகளைப் பசிபிக் தீவான சமோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பின்னாளில், 1950ஆம் ஆண்டுகளில், அன்றைய ஏற்றுமதி வாழையை ஒரு வேர்நோய் அழித்தபோது, அந்நோயைத் தாங்கி நின்ற கேவன்டிஷ் வகை அதன் இடத்தைப் பிடித்தது. இன்று கப்பலேறி உலகச் சந்தைக்கு வரும் வாழைப்பழங்களில் மிகப் பெரும்பங்கு இந்த வகையே. கிழக்கே பிறந்து, மேற்கே பெயர் வாங்கி, மீண்டும் உலகைச் சுற்றி வந்த பழம் இது.

நம் வாழ்வையே மாற்றிய பால்மரமும் இதேபோன்ற கண்ணாடி வீட்டு வழியாகத்தான் வந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள், இலண்டன் அருகேயுள்ள கியூ தோட்டத்தின் கண்ணாடி வீட்டில் முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன; அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கே ஒரு கண்ணாடிக் கூரையின் கீழ் முளைத்தது, இங்கே நம் பாட்டன் பூட்டனின் கப்பல் பயணமாக முடிந்தது. பிரபுக்களின் தோட்டமும் நம் தோட்டமும் அந்நியமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாக்ஸ்டன் கதையை முடித்துவிடுகிறேன். அமேசான் ஆற்றின் மாபெரும் அல்லியை 1849 நவம்பரில் சாட்ஸ்வொர்த்தில் பூக்க வைத்தார். அதன் இலை, தட்டுப்போல் அகன்றது, பாக்ஸ்டனின் சிறுமகளை அதன்மேல் நிறுத்தினார்கள், இலை தாங்கியது. இலையின் அடியில் ஓடும் குறுக்கு நரம்புகளே அதன் வலிமை என்று பாக்ஸ்டன் கண்டார். 1851ஆம் ஆண்டின் இலண்டன் உலகக் கண்காட்சிக்கு 1,848 அடி நீளத்தில் பளிங்கு மாளிகையை இரும்பாலும் கண்ணாடியாலும் வரைந்தபோது, அந்த இலையும் அவருக்கு வழிகாட்டியது. அவ்வாண்டே 'சர்' பட்டம் பெற்றார்; 1854இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். குடியானவர் வீட்டு ஏழாவது பிள்ளை, ஓர் இலையைத் திருப்பிப் பார்த்து உயர்ந்தார். மாணவர்களே, இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நமக்கும் வேண்டும்.

இப்போது ஆற்றைக் கடந்து அக்கரைக்கு வாருங்கள். அங்கே ஓர் அழகிய சிற்றூர். எழுதுவது 'ஈடன்சோர்', சொல்வது 'என்சர்'. வீட்டுக்கு வீடு வேறுவேறு அமைப்பு. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. வருவோர் எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இவ்வூர் முன்பு இருந்த இடம் வேறு. ஆற்றுக்கும் இன்றைய ஊருக்கும் இடையே, மாளிகையின் பார்வையில் இருந்தது. பூங்காவின் அழகுக்கு அது இடைஞ்சலாகத் தெரிந்தது. ஒரு பகுதி 18ஆம் நூற்றாண்டிலேயே அகற்றப்பட்டது. மீதியை 1838க்கும் 1842க்கும் இடையில் ஆறாவது கோமகன் அகற்றி, பாக்ஸ்டனைக் கொண்டு கண்ணுக்கு மறைவான இடத்தில் புதிய ஊரைக் கட்டினார். பழைய ஊரில் ஒரே ஒரு வீடு மட்டும் இன்றும் பூங்காவுக்குள் தனியே நிற்கிறது. அங்கிருந்த முதியவர் நகர மாட்டேன் என்றதால் விட்டுவிட்டார்கள் என்பது செவிவழிச் செய்தி.

நேயர்களே, நடுநிலையோடு பார்ப்போம். அங்கே குடியிருப்பை எடுத்தவர்கள் வேறு குடியிருப்பைக் கட்டிக் கொடுத்தார்கள், அவ்வீடுகள் கல்வீடுகள், ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கின்றன. ஆனால் எந்த இடத்தில் வாழ்வது என்று அக்குடிகளைக் கேட்டு முடிவு செய்யவில்லை. நிலம் ஒருவருடையது, வாழ்க்கை இன்னொருவருடையது என்று இருக்கும் இடமெல்லாம் இந்தச் சிக்கல் வரும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

கோமகனின் ஒரு நற்செயலையும் சொல்ல வேண்டும். யார் வந்தாலும் வேற்றுமை பாராமல் நீரூற்றுகளைத் திறந்து காட்ட வேண்டுமென்பது அவர் உத்தரவு. 1849இல் அருகேயுள்ள ரவுஸ்லிவரை இரயில் வந்ததும், அந்தக் கோடையில் மட்டும் 80,000 பேர் வந்து பார்த்தார்கள். கட்டுச்சோற்றோடு ஒருநாள் பயணமாக வந்த உழைக்கும் மக்களும் அவர்களில் இருந்தார்கள். நம் பத்துமலை லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெருங்கண்ணாடி வீடு என்னவாயிற்று? முதல் உலகப் போரின்போது நிலக்கரி கிடைக்கவில்லை. செடிகள் குளிரில் செத்தன. 1920இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில், 1939 முதல் 1946 வரை, மாளிகையே ஒரு பள்ளிக்கூடமாயிற்று. பென்ரோஸ் கல்லூரி என்னும் பள்ளியின் ஏறத்தாழ 300 மாணவியர் அங்கே தங்கிப் படித்தார்கள். ஓவியம் தீட்டிய கூரையின் கீழ் வரிசையாகக் கட்டில்கள்! ஆசிரியனாகிய எனக்கு அந்த வரலாற்றில் மிகப் பிடித்த பகுதி இது. 1950இல் பத்தாவது கோமகன் இறந்தபோது சொத்துக்கு 80 விழுக்காடு மரண வரி விதிக்கப்பட்டது. நிலங்களையும் கலைப்பொருள்களையும் விற்று, இன்னொரு மாளிகையையும் நாட்டுக்குக் கொடுத்து, நெடுங்காலம் அதை அடைத்தார்கள். 1981இல் மாளிகையையும் தோட்டத்தையும் பராமரிக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. இன்று கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம்.

பயணம் முடியும் நேரம். ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் பழைய சம்பளக் கணக்கேடுகளையும் கடிதங்களையும் காத்து வைத்திருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டி, பல தலைமுறைகளாக அங்கு உழைத்த பணியாட்கள், தோட்டக்காரர்கள், சமையற்பெண்கள் ஆகியோரின் பெயர்களைத் தொகுத்திருக்கிறார்கள். தம் பாட்டியின் பாட்டி அங்கே வேலை செய்தாரா என்று ஒருவர் தேடிப் பார்க்க முடிகிறது. கதையில் இல்லாத பெயர்கள் கணக்கேட்டில் இருந்தன. ஏடு பிழைத்ததால் பெயர் பிழைத்தது.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். நான் பிறந்த தோட்டம் இன்று இல்லை. அது கைமாறியபோது ஆபீசைக் காலி செய்தார்கள். பழைய செக்ரோல் புத்தகங்கள் வெளியே மழையில் குவிந்து கிடந்தன. நான் அப்போது இளைஞன். ஒன்றை எடுத்துப் புரட்டினேன். கிராணியின் சாய்ந்த கையெழுத்தில் என் தாயாரின் பெயர் இருந்தது, எதிரே நாள்கணக்கு. அம்மாவின் பெயரை அச்சிலோ ஏட்டிலோ நான் கண்டது அதுவே முதன்முறை. பார்த்துவிட்டு, நனைந்த புத்தகத்தைக் குவியலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். எடுத்துக்கொள்ள வேண்டுமென்று தோன்றவில்லை. மறுவாரம் போனபோது சாம்பல்தான் கிடந்தது. யார்மேலும் எனக்குக் குறையில்லை, என்மேல் தவிர.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இவ்வாரம் பிள்ளைகளிடம் ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தாத்தா பாட்டியை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். எந்த நிரையில் பால் வெட்டினார்கள்? தண்டல் யார்? ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்த்த ஆயா யார்? கோயில் வாசலில் அந்த அரசமரத்தை நட்டது யார்? லயத்துக்குப் பின்னால் என்ன செடி வைத்திருந்தார்கள்? சம்பளச் சீட்டு, பழைய படம், பிறப்புப் பத்திரம் எது இருந்தாலும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடி வையுங்கள். கறையானும் மழையும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். மலாய் மொழியில் 'தாமான்' என்றாலும் தோட்டம் என்றுதானே பொருள்! நாம் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குத்தான் வந்திருக்கிறோம். வாசலில் இடமிருந்தால் ஒரு கறிவேப்பிலைக் கன்று வையுங்கள். வைத்தவர் பெயரையும் நாளையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்த முறை எங்காவது ஒருநாள் பயணம் போனால், அழகிய தோட்டம் ஒன்றைக் கண்டால், பூவைப் பாருங்கள், நீரூற்றைப் பாருங்கள். பார்த்தபின், இதை வெட்டியவர் யார், நட்டவர் யார், பெருக்கியவர் யார் என்று பிள்ளைகளிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை, தன் தாயின் பெயரை மழையில் விட்டுவிட்டு வராது.